முழுதும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களிலும் ஓடிடி தளங்களிலும் எந்தத் தொடர் நீடிக்கும், எது நிற்கும் என்று முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,



2025 ஏப்ரலில் ஆஸ்கர் அகாடமி ஒரு விதியை அறிவித்தது. ஒரு பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்க வேண்டுமானால், அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட படங்கள் அனைத்தையும் உறுப்பினர் பார்த்திருக்க வேண்டும். 98ஆவது விருதிலிருந்து இது நடைமுறை. இதைச் சொல்வதற்கு இத்தனை வருஷமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எனக்கோ அந்தச் செய்தியைப் படித்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. ஒரு படைப்புக்குத் தீர்ப்பு சொல்பவர் அதை முழுதும் பார்த்திருக்க வேண்டும் என்பதைத் தாமதமாகவாவது சினிமாக்காரர்கள் விதியாக்கிவிட்டார்கள். உங்கள் பக்கத்தில் இன்னும் அது வரவில்லை. ஒரு புதிய தொடரின் தலையெழுத்து உங்கள் அலுவலகத்தில் இரண்டாவது வாரத்திலோ முதல் மாத முடிவிலோ எழுதப்பட்டுவிடுகிறது. கதையின் முடிவு என்ன என்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே அந்தக் கதை முடித்துவைக்கப்படுகிறது.

நான் தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தொடர்கள் அங்கே வெளியாகிற நாளிலேயே இங்கேயும் வந்துவிடுகின்றன. சந்தா கட்டிப் பார்க்கிறோம், ராத்திரி ஒரு மணிக்கு நண்பர்களோடு போனில் சண்டை போடுகிறோம், நடிகர்களின் பெயரைத் தேடி அவர்களுடைய பழைய தொடர்களையும் தோண்டி எடுத்துப் பார்க்கிறோம். அப்படித் தோண்டும்போது பாதியில் நிற்கிற தொடர்களாகவே கைக்கு வருகின்றன. இவ்வளவு நன்றாக இருந்ததை ஏன் நிறுத்தினார்கள் என்ற கேள்வியோடு தூங்கப் போவது எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தக் கேள்வியை உங்களிடமே நேராகக் கேட்டுவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலில் ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1994இல் வெளியான ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’. ஸ்டீஃபன் கிங்கின் குறுநாவல், ஃபிராங்க் டராபான்ட் இயக்கம், செலவு சுமார் 2 கோடியே 50 லட்சம் டாலர். முதல் ஓட்டத்தில் திரும்பி வந்தது ஏறக்குறைய 1 கோடியே 60 லட்சம்தான். சிறைச்சாலைக் கதை, கதாநாயகி கிடையாது, பெயரும் வாயில் நுழையவில்லை. படம் படுத்துவிட்டது. பிறகு 1995இன் தொடக்கத்தில் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வந்தது. சிறந்த படம், மார்கன் ஃப்ரீமனுக்குச் சிறந்த நடிகர், திரைக்கதை என்று ஏழு பரிந்துரைகள். விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் பரிந்துரையின் பலத்தில் படத்தை மறுபடி தியேட்டருக்குக் கொண்டு வந்தார்கள், மொத்த வசூல் 2 கோடியே 80 லட்சத்தைத் தொட்டது. அந்த வருஷம் வீடியோ கடைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். 1997லிருந்து டிஎன்டி அலைவரிசை திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. இன்றைக்கு உலகில் எந்த ஊரில் பிடித்த படங்களைக் கேட்டாலும் இந்தப் பெயர் வருகிறது, எங்கள் ஊர்களிலும் வருகிறது.

இந்தப் படத்தைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு பரிந்துரைப் பட்டியலுக்கு, மீதிப் பாதி தொலைக்காட்சிக்கு. உங்கள் துறைதான் அது. தியேட்டர் தள்ளிவிட்டதை வீட்டுக்கூடத்தில் உட்காரவைத்து, பார்க்கிறவர்கள் மெல்ல மெல்லத் தேடி வரட்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருந்தது தொலைக்காட்சி. அடுத்தவர் எடுத்த படத்துக்கு இவ்வளவு பொறுமை காட்டத் தெரிந்த ஊடகம், தன் வயிற்றில் பிறந்த தொடருக்கு ஏன் காட்டுவதில்லை?

‘ஃபயர்ஃப்ளை’க்கு நடந்ததைப் பாருங்கள். ஜாஸ் வீடன் உருவாக்கி 2002 செப்டம்பரில் ஃபாக்ஸில் தொடங்கியது. பழைய விண்கலம் ஒன்று, அதில் ஒன்பது பேர். அவர்கள் யார், எப்படி ஒன்று சேர்ந்தார்கள், யார் யாரை நம்பலாம் என்பதை நிதானமாக அறிமுகப்படுத்துகிற இரண்டு மணி நேர முதல் எபிசோடை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஃபாக்ஸ் அதை ஒதுக்கிவைத்துவிட்டு ரயில் கொள்ளை எபிசோடிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. அதுவும் வெள்ளிக்கிழமை இரவு, இளைஞர்கள் வீட்டிலேயே இல்லாத நேரம். நடுவில் பேஸ்பால் வந்தது, எபிசோடுகளின் வரிசையும் குலைந்தது. பார்த்தவர்களுக்கு ஒன்பது முகங்களும் அந்நியமாகவே இருந்தன. அறிமுக எபிசோட் டிசம்பர் 20ஆம் தேதி, கடைசியாக ஒளிபரப்பானது. எடுத்தது 14, காட்டியது 11. மறு வருஷம் சிறப்புக் காட்சி உருவாக்கத்துக்காக அந்தத் தொடருக்குத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது கிடைத்தபோது அது இல்லாமல் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. டிவிடி வந்ததும்தான் மக்கள் சரியான வரிசையில் பார்த்தார்கள். அந்த வரவேற்பைப் பார்த்து வேறொரு நிறுவனமான யுனிவர்சல் 2005இல் அதை ‘செரெனிட்டி’ என்ற திரைப்படமாகவே எடுத்தது. முதல் அத்தியாயத்தைக் கடைசியில் கொடுத்துவிட்டு வாசகர் வரவில்லை என்று எந்தப் பதிப்பாளராவது புத்தகத்தை நிறுத்துவாரா?

எனக்கு இதைவிட வலிக்கிற தொடர் ஒன்று உண்டு. ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’. பால் ஃபீக் எழுத, ஜட் அபடவ் நிர்வாகத் தயாரிப்பாளராக இருக்க, 1999 செப்டம்பரில் என்பிசியில் வந்தது. 1980இல் மிச்சிகனில் ஒரு பள்ளிக்கூடம், அங்கே எதிலும் ஒட்டாத பிள்ளைகள். என்பிசி அதைச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குப் போட்டது. பேஸ்பால் போட்டிகளுக்காகச் சில வாரம் நிறுத்தியது. பிறகு திங்கட்கிழமைக்கு மாற்றி, நாடே பார்த்துக்கொண்டிருந்த கோடீஸ்வரன் வினாடி வினாவுக்கு எதிரில் உட்காரவைத்தது. 2000 மார்ச்சில் நிறுத்திவிட்டது. எடுத்த 18 எபிசோடுகளில் மூன்றை என்பிசி கடைசிவரை காட்டவே இல்லை.

காட்டாமல் விட்ட அந்த மூன்றில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பில் என்றொரு பையன். ஒடிசலான உடம்பு, தடித்த கண்ணாடி, விளையாட்டு வகுப்பில் கடைசி ஆளாகத் தேர்வு செய்யப்படுகிறவன். அப்பா இல்லை, அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். பள்ளி விட்டு வந்து பூட்டிய வீட்டைத் திறக்கிறான். ரொட்டிக்கு நடுவில் சீஸ் வைத்து வாட்டுகிறான், ஒரு துண்டு கேக்கும் பாலும் எடுத்துக்கொள்கிறான், டிவி முன்னால் உட்காருகிறான். திரையில் நகைச்சுவைக் கலைஞர் கேரி ஷாண்ட்லிங் ஜோக் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாய் நிறைய ரொட்டியோடு பையன் சிரிக்கிறான், அடக்க முடியாமல் குலுங்கிச் சிரிக்கிறான். பின்னணியில் ஒரு ராக் பாடல் ஓடுகிறது. வசனம் என்று அவனுக்கு எதுவும் இல்லை. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிற எந்த வீட்டிலும், சென்னையிலோ கோவையிலோ சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய் வளர்ந்த எவருக்கும், அந்தச் சிரிப்பு என்னவென்று தெரியும். தனியாக இருக்கிற ஒரு பிள்ளைக்குத் தொலைக்காட்சி என்ன செய்ய முடியும் என்பதை இதைவிட நன்றாகச் சொன்ன காட்சியை நான் பார்த்ததில்லை. என்பிசிக்கு அது கையில் இருந்தது, காட்டவில்லை. அந்த வருஷம் அக்டோபரில் ஃபாக்ஸ் ஃபேமிலி என்ற வேறு அலைவரிசைதான் அதை ஒளிபரப்பியது.

அந்தத் தொடரின் முதல் எபிசோடுக்காக ஃபீக் எம்மி பரிந்துரை பெற்றார். நடிகர் தேர்வுக்கு எம்மி விருதே கிடைத்தது. தேர்வானவர்கள் யார்? சேத் ரோகன், ஜேசன் சீகல், ஜேம்ஸ் ஃபிராங்கோ, லிண்டா கார்டலினி. அப்போது பெயர் தெரியாத பிள்ளைகள். அடுத்த பதினைந்து வருஷ ஹாலிவுட் நகைச்சுவையின் பெரும்பகுதி அந்தத் தொடரின் படப்பிடிப்புத் தளத்திலிருந்துதான் புறப்பட்டது. இவ்வளவு இருந்தும் ஒரு சீசன் முழுசாக ஓடவில்லை.

ரேட்டிங் இல்லாமல் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உங்களுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களே பதில் சொல்லியிருக்கிறார்கள். 1981 ஜனவரியில் என்பிசியில் ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ தொடங்கியபோது ரேட்டிங் பட்டியலில் அது கிடந்தது அடிமட்டத்தில். ஒரு காவல் நிலையம், ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கதாபாத்திரங்கள், எபிசோட் முடிந்தாலும் முடியாத கதைகள். அன்றைய பார்வையாளர்களுக்கு அது புதுசு, கண் பழகவில்லை. இருந்தும் என்பிசி இரண்டாவது சீசனுக்கு ஒப்புக்கொண்டது. எம்மி பரிந்துரைகள் 21 வந்தன, செப்டம்பரில் எட்டு விருது. அந்த விருதுகளைப் பார்த்துத்தான் பல வீடுகள் முதன்முதலாக அந்தத் தொடர் பக்கம் திரும்பின. ஏழு சீசன் ஓடியது. நாடகத் தொடருக்கான முதன்மை விருதை நான்கு வருஷம் தொடர்ந்து வாங்கியது. இன்று நீங்கள் பெருமையோடு தயாரிக்கிற பல கதாபாத்திரத் தொடர்களின் இலக்கணம் அங்கே எழுதப்பட்டதுதான்.

மறு வருஷம் ‘சியர்ஸ்’. 1982 செப்டம்பர் 30ஆம் தேதி முதல் எபிசோட். அந்த வார ரேட்டிங்கில் கடைசிக்குச் சற்று மேலே. அதையும் விட்டுவைத்தார்கள். முதல் சீசனுக்கே சிறந்த நகைச்சுவைத் தொடர் என்ற எம்மி கிடைத்தது. பதினொரு சீசன், 275 எபிசோட், முடிகிறபோது அமெரிக்காவே கூடி வழியனுப்பியது. ‘சைன்ஃபெல்ட்’ கதையும் இதேதான். 1989இல் சோதனைப் பார்வையாளர்கள் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். என்பிசி பயந்து பயந்து நான்கே நான்கு எபிசோடுக்குக் காசு கொடுத்தது. 1998 மே மாதம் அதன் கடைசி எபிசோடை ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

அன்றைய என்பிசி அதிகாரிகளை மகான்கள் என்று நான் சொல்லவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மூன்று நிறுவனங்களில் மூன்றாவதாகக் கிடந்தார்கள். எடுத்துவிட்டு வைப்பதற்கு வேறு தொடர் கையில் இல்லை என்பதும் அவர்களுடைய பொறுமைக்கு ஒரு காரணம். வேறு வழியில்லாமல் காத்திருந்தாலும் காத்திருந்தார்கள் அல்லவா! 1985-86 சீசனில் என்பிசி முதலிடத்துக்கு வந்தது. அந்த முதலிடத்தின் வியாழக்கிழமை இரவுகளைத் தாங்கிய தொடர்களில் ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’, ‘சியர்ஸ்’ இரண்டும் உண்டு.

அந்தக் காலத்தில் பரிந்துரைப் பட்டியல் ஒரு தொடருக்கு மூச்சு வாங்க அவகாசம் வாங்கிக் கொடுத்தது. உங்கள் காலத்தில் அதற்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. 1995 ஜனவரியில் ‘மை ஸோ-கால்ட் லைஃப்’ தொடருக்காக கிளேர் டேன்ஸ் கோல்டன் குளோப் வாங்கினார். அதே மாதம் தொடரின் கடைசி எபிசோட் ஒளிபரப்பானது, மே மாதம் ஏபிசி அதிகாரபூர்வமாக முடித்துவிட்டது. 2009 செப்டம்பரில் ‘புஷிங் டெய்சீஸ்’ தொடருக்காக எம்மி வாங்க மேடையேறிய கிறிஸ்டின் செனோவெத், தனக்கு இப்போது வேலை இல்லை என்று மேடையிலேயே சொன்னார். தொடரை ஏபிசி அதற்கு முன்பே நிறுத்தியிருந்தது.

இவற்றையெல்லாம் மிஞ்சியது ‘லவ்கிராஃப்ட் கன்ட்ரி’. மீஷா கிரீன் உருவாக்கிய தொடர், 2020 ஆகஸ்டில் எச்பிஓவில் வந்தது. ஐம்பதுகளின் அமெரிக்காவில், நிறவெறிச் சட்டங்கள் அமலில் இருந்த ஊர்கள் வழியாகக் காரில் போகிற கறுப்பினக் குடும்பம் ஒன்று. சாலையில் எதிர்ப்படும் போலீஸ்காரனும் காட்டில் எதிர்ப்படும் பூதமும் ஒரே அளவு பயத்தைக் கொடுக்கிற கதை. 2021 ஜூலை 2ஆம் தேதி, இரண்டாவது சீசன் கிடையாது என்ற செய்தி வந்தது. ஜூலை 13ஆம் தேதி எம்மி பரிந்துரைப் பட்டியல் வெளியானது. ‘லவ்கிராஃப்ட் கன்ட்ரி’க்கு 18 பரிந்துரைகள், சிறந்த நாடகத் தொடர் உட்பட. அந்த வருஷம் எச்பிஓவுக்கும் எச்பிஓ மேக்ஸுக்கும் சேர்த்து மொத்தம் 130 பரிந்துரைகள், நெட்ஃப்ளிக்ஸுக்கு 129. ஒன்றே ஒன்று வித்தியாசத்தில் எச்பிஓ முதலிடம். பதினொரு நாள் முன்பு இனி வேண்டாம் என்று சொல்லப்பட்ட தொடரின் 18 இல்லாமல் அந்த முதலிடம் கிடைத்திருக்காது. அந்தத் தொடரில் வேலை செய்த ஒளிப்பதிவாளர், ஒலிக்காரர், ஒப்பனைக்காரர், எழுத்தாளர் இந்தக் கணக்கைப் பார்த்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் வீதிகளில் விருதுக்காகப் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் வைக்க நிறுவனங்களிடம் பணம் இருக்கிறது. பட்டியல் வெளிவரும்வரை காத்திருக்கப் பதினொரு நாள் இல்லை.

ஓடிடி வந்தபோது எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு என்ற சாபம் இனி இல்லை, பேஸ்பால் குறுக்கே வராது, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். நடந்தது வேறு. ‘டார்க்’ எடுத்த பாரன் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீஸும் அடுத்து ‘1899’ எடுத்தார்கள். அட்லான்டிக் கடலில் ஒரு கப்பல், ஆளுக்கொரு மொழி பேசும் பயணிகள். ‘டார்க்’ தொடரை இங்கே குடும்ப மரம் வரைந்து வைத்துக்கொண்டு பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் ‘1899’க்கும் காகிதமும் பேனாவுமாகத் தயாரானார்கள். 2022 நவம்பர் 17ஆம் தேதி வெளியானது. 2023 ஜனவரி 2ஆம் தேதி ரத்து. ஏழு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. மூன்று சீசனுக்குத் திட்டமிட்ட கதை, முதல் சீசனின் கடைசி நிமிடத்தில்தான் தன் உண்மையான முகத்தைக் காட்டியது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

இப்படிச் சில முறை ஏமாந்த பிறகு பார்வையாளர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? புதுத் தொடர் வந்தால் பார்ப்பதில்லை. இரண்டாவது சீசன் வரட்டும், முடிவு இருக்கிறது என்று தெரியட்டும், பிறகு பார்க்கலாம் என்று பட்டியலில் சேர்த்துவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என்னைச் சுற்றி இப்படிச் சொல்கிறவர்கள் வர வர அதிகமாகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர்கள் காத்திருக்கிற அந்த முதல் மாதத்தைத்தான் நீங்கள் அளக்கிறீர்கள். எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் கடைசி எபிசோட்வரை போனார்கள் என்று பார்க்கிறீர்கள். எண்ணிக்கை குறைவு என்று தொடரை நிறுத்துகிறீர்கள். நாங்கள் பயந்தது சரிதான் என்று ஆகிவிடுகிறது, அடுத்த தொடருக்கு இன்னும் அதிகம் பேர் காத்திருக்கிறார்கள். இந்தச் சுழலைப் பார்வையாளரால் நிறுத்த முடியாது. நாளைக்கே எல்லாரும் ஒன்று கூடி முதல் வாரத்தில் பார்ப்போம் என்று தீர்மானம் போட எங்களுக்குச் சங்கம் எதுவும் இல்லை. நிறுத்த முடிந்தவர்கள் நீங்கள் மட்டும்தான்.

நெட்ஃப்ளிக்ஸின் இணைத் தலைமை நிர்வாகி டெட் சராண்டோஸ் 2023 ஜனவரியில் ஒரு பேட்டியில், வெற்றிகரமான எந்தத் தொடரையும் தாங்கள் நிறுத்தியதே இல்லை என்று சொன்னார். சிறிய கூட்டத்துக்குப் பெரிய செலவில் கதை சொல்வது நீண்ட நாள் ஓடாது என்பது அவர் வாதம். அந்தக் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கப்பலைத் தளத்தில் கட்டி, கடலை எல்இடி சுவரில் ஓடவிட்டு எடுப்பதற்குக் கொட்ட வேண்டிய பணம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டாவது சீசனுக்கு நடிகர்களின் சம்பளமும் ஏறும். எல்லாத் தொடரும் காப்பாற்றப்பட வேண்டியவை என்றும் நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது எபிசோடிலேயே சரக்கு இல்லை என்று தெரிந்துவிடுகிறவை ஏராளம். ஆனால் வெற்றி என்பதை முதல் மாதக் கணக்கை வைத்துத் தீர்மானித்தால் ‘சியர்ஸ்’ தோல்வி, ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ தோல்வி, ‘ஷாஷாங்க்’ படுதோல்வி. ‘பிரேக்கிங் பேட்’ 2008இல் ஏஎம்சியில் வந்தபோது பார்த்தவர்கள் ஏறக்குறைய பத்து லட்சம்தான். முதல் சீசனுக்கே பிரையன் கிரான்ஸ்டன் எம்மி வாங்கினார், ஏஎம்சி விடவில்லை. 2013இல் கடைசி எபிசோடுக்கு ஒரு கோடிக்கு மேல் வந்தார்கள். நல்ல கதைக்குக் கூட்டம் மெதுவாகத்தான் சேர்கிறது. அது உங்கள் ஆவணங்களிலேயே இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன முதல் சீசனை, எழுதியவர் சொன்ன வரிசையில், நேரத்தை மாற்றாமல் முழுதும் காட்டுங்கள். இதற்குப் புதிதாக ஒரு டாலர்கூடச் செலவில்லை, எபிசோடுகள் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கின்றன. அந்த ஆண்டின் விருதுப் பரிந்துரைகள் வெளியாகும்வரை முடிவைத் தள்ளிவையுங்கள். பரிந்துரை கிடைத்த தொடரைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தொழிலைத் தெரிந்த ஆயிரக்கணக்கானவர்கள் இதில் ஏதோ இருக்கிறது என்று கைகாட்டுகிறபோது, முதல் மாதக் கணக்கை மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் உருவாக்கியவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கடைசியாக ஒரு எபிசோட் எடுத்து முடிக்க விடுங்கள். முடிவு இருக்கிற ஒரு சீசனை இருபது வருஷம் கழித்தும் யாராவது தொடங்கிப் பார்ப்பார்கள், முடிவு இல்லாததை யாரும் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. தளத்திலிருந்து நீக்கவும் நீக்காதீர்கள். ‘வில்லோ’ 2022 நவம்பரில் டிஸ்னி பிளஸில் வந்து அடுத்த மே மாதமே காணாமல் போனது. ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’ தொடருக்கு டிவிடி இருந்ததால் அந்தப் பையன் சிரிப்பதை நான் பார்த்தேன். நீக்கப்பட்ட தொடர்களில் அப்படி என்ன இருந்தது என்று இன்று பிறக்கிற பிள்ளைகள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்?

இன்னும் ஒன்று. ஒரு தொடர் வருகிறது என்று அறிவிக்கும்போதே, அதன் எதிர்காலம் பற்றி எந்தத் தேதியில் முடிவெடுப்பீர்கள் என்பதையும் சேர்த்து அறிவியுங்கள். ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம். அந்தத் தேதிக்குள் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் நாங்கள் பார்ப்போம், நாலு பேரிடம் சொல்வோம், அவர்களையும் உட்காரவைப்போம். அதற்குப் பிறகும் கூட்டம் சேரவில்லை என்று நிறுத்தினால் உங்கள்மேல் எங்களுக்கு வருத்தம் இருக்காது. வரப்போகும் செப்டம்பரில் தொடங்குகிற ஒரே ஒரு புதுத் தொடருக்காவது இதைச் செய்து பாருங்கள்.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு பார்வையாளர்